ஒரு முனையில் எத்தனை கோடுகள்? முனையின் படியும் அதிலிருந்து பிறந்த அளவைகளும்

கேள்வி இதுதான்: "கோட்டுருவியலில் முனையின் படி என்பது அந்த முனையில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கை, அவ்வளவுதானே? அந்த ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு படி மையத்துவம், ஸாக்ரெப் குறியெண், ராண்டிச் குறியெண் என்று இத்தனை அளவைகள் எதற்கு? எதை எப்போது எடுத்துக்கொள்வது?" கேட்டவர் வேதியியல் படித்துவிட்டுப் பிணையத் தரவுகளின் பகுப்பாய்வுக்கு வந்திருக்கும் மாணவர். அவருடைய பழைய துறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கருத்தின் சொந்த ஊர்களில் வேதியியலும் ஒன்று.

முனைகள் எனும் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட படம்தான் கோட்டுரு. படியின் வரையறை அவ்வளவுதான். முனையைப் பார், அதைத் தொடும் கோடுகளை எண்ணு, வருவது படி. தமிழில் இதற்கு இணைதிறன் என்றும் ஒரு பெயர் உண்டு. கார்பனின் இணைதிறன் நான்கு என்று பள்ளியில் படித்தீர்களே, அதே சொல். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததன்று. கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1878இல் கோட்டுருவைக் குறிக்கும் 'கிராஃப்' என்ற சொல்லை இந்தப் பொருளில் முதன்முதலில் எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவை மூலக்கூறுகளின் பிணைப்புப் படங்கள்தாம். (பாடநூல்கள் 'விளிம்பு' என்று சொல்வதை நான் கோடு என்றே எழுதுகிறேன்.)

இவ்வளவு எளிய எண்ணிக்கைக்கு எவ்வளவு பலம் என்பதை முதலில் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒருமுறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிரை அவர் 1735இல் எடுத்துக்கொண்டார். நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். பிரெகல் ஆறு அதை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. நடுத்தீவில் ஐந்து பாலங்கள், மற்ற மூன்று பகுதிகளிலும் மும்மூன்று. ஓரிடத்தைக் கடந்து போகிறவர் ஒரு பாலத்தில் நுழைந்து இன்னொன்றில் வெளியேற வேண்டும். எனவே பயணத்தின் இடைப்பட்ட இடங்களில் பாலங்கள் இரண்டிரண்டாகச் செலவாகும். ஒற்றைப்படையான படி உள்ள முனை, பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்க முடியும். இங்கே நான்கும் ஒற்றைப்படை, ஆகவே அப்படி ஒரு நடை கிடையாது. தெருக்களின் நீளமோ ஆற்றின் வளைவோ தேவைப்படவில்லை. 5, 3, 3, 3 என்ற நான்கு எண்கள் போதுமாக இருந்தன.

அந்த நான்கையும் கூட்டினால் 14, ஏழின் இருமடங்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நுனிகள் இருப்பதால் படிகளின் கூடுதல் எப்போதும் கோடுகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்காகவே இருக்கும். கைகுலுக்கல் தேற்றம் என்று இதற்குப் பெயர். ஒரு கூட்டத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கைகுலுக்கியவர்களின் தொகை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும் என்பது இதிலிருந்து உடனே கிடைக்கிறது.

படிகளின் பட்டியலைக் கொடுத்து, இரு முனைகளுக்கு இடையே ஒரு கோட்டுக்கு மேல் இல்லாமல் இப்படி ஒரு கோட்டுரு இருக்க முடியுமா என்று கேட்கலாம். கூடுதல் இரட்டைப்படையாக இருந்தால் மட்டும் போதாது. 4, 4, 4, 1, 1 என்ற பட்டியலின் கூடுதல் 14. ஆனால் ஐந்து முனைகளில் படி நான்கு உள்ள முனை மற்ற எல்லாவற்றோடும் இணைந்திருக்க வேண்டும். அப்படி மூன்று முனைகள் இருந்தால், மீதமுள்ள இரண்டுக்கும் படி குறைந்தது மூன்று இருந்தே தீரும். ஒன்று என்பது நடக்காது. எந்தப் பட்டியல் செல்லும் என்பதற்கு ஹாவெல் 1955இலும் ஹக்கிமி 1962இலும் ஒரே செய்முறையைத் தனித்தனியே கண்டார்கள். 1960இல் எர்டோஷும் கல்லாயும் அதைச் சமனின்மைகளாக எழுதினார்கள். உங்கள் வேலைக்கு இது அதிகம் தேவைப்படாது, கடந்துபோகலாம்.

இனி உங்கள் கேள்வியின் மையம். கைகுலுக்கல் தேற்றம் அழகானதுதான். ஆனால் அது ஒரு கதவை அடைத்தும் விடுகிறது. படிகளின் கூடுதல் கோடுகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்லும், கோட்டுருவின் வடிவத்தைச் சொல்லாது. பென்டேனை எடுங்கள். ஹைட்ரஜன்களை விட்டுவிட்டுக் கார்பன் சட்டகத்தை மட்டும் வரைந்தால் ஐந்து முனைகள், நான்கு கோடுகள். ஒரே அணுக்கள் வேறு விதமாக இணைந்த வடிவங்கள், அதாவது மாற்றியங்கள், மூன்று. நேர்சங்கிலி பென்டேனில் படிகள் 1, 2, 2, 2, 1. ஐசோபென்டேனில் 1, 1, 1, 2, 3. நியோபென்டேனில் நடுக்கார்பனுக்கு 4, சுற்றியுள்ள நான்கிற்கும் 1. மூன்றிலும் கூடுதல் எட்டுதான். ஆனால் கொதிநிலைகள் ஏறத்தாழ 36, 28, 9.5 டிகிரி செல்சியஸ். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கையில் பிணைப்புகள், இருந்தும் இருபத்தாறு டிகிரி வேறுபாடு. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அதிகப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. உருண்டையாகச் சுருண்டவை அவ்வளவு ஒட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டை ஓர் எண்ணால் பிடிக்க வேண்டுமென்றால் படிகளைக் கூட்டுவதற்கு முன் வர்க்கப்படுத்துங்கள். நேர்சங்கிலிக்கு 1+4+4+4+1 = 14. ஐசோபென்டேனுக்கு 1+1+1+4+9 = 16. நியோபென்டேனுக்கு 16+1+1+1+1 = 20. கூடுதல் மாறாமல் இருக்கும்போது, படிகள் ஓரிடத்தில் குவியக் குவிய வர்க்கங்களின் கூடுதல் ஏறும். கிளைவிடுவதன் அளவு கிடைத்துவிட்டது. இதுதான் முதலாம் ஸாக்ரெப் குறியெண். 1972இல் இவான் குட்மனும் நேனாட் ட்ரினாய்ஸ்டிச்சும் ஹைட்ரோகார்பன்களின் பை எலக்ட்ரான் ஆற்றலுக்குத் தோராயச் சூத்திரம் எழுதியபோது இந்தக் கூடுதல் அதில் தலைகாட்டியது. அவர்கள் வேலை செய்த நகரத்தின் பெயர் பின்னர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதே கட்டுரையில் படிகளின் கனங்களின் கூடுதலும் இருந்தது. அதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. 2015இல் ஃபுர்துலாவும் குட்மனும் அதைத் திரும்ப எடுத்து 'மறக்கப்பட்ட குறியெண்' என்றே பெயர் வைத்தார்கள்.

வேதியியலாளர்கள் கண்ட இந்த வர்க்கக் கூடுதலைச் சமூகவியலாளர்கள் முற்றிலும் வேறு பாதையில் வந்து அடைந்தார்கள். இதை அருகில் போய்ப் பார்ப்போம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் ஃபுளோரன்ஸ். செல்வக் குடும்பங்களுக்கு இடையே இருந்த திருமண உறவுகளை ஜான் பேட்ஜட் தொகுத்த தரவு, பிணையப் பகுப்பாய்வு பயிலும் எல்லாருக்கும் பழக்கமானது. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலேயே இருக்கக்கூடும். பதினைந்து குடும்பங்கள், இருபது உறவுகள். மெடிச்சி குடும்பத்தின் படி 6. ஸ்ட்ரோட்ஸிக்கும் குவாடானிக்கும் 4. ஆறு குடும்பங்களுக்கு 3, இரண்டிற்கு 2, நான்கிற்கு 1. கூடுதல் 40, சராசரி 2.67.

இப்போது ஒவ்வொரு குடும்பமும், தான் சம்பந்தம் செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை சம்பந்தங்கள் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிச்சியோடு உறவுள்ள ஆறு குடும்பங்களும் '6' என்று எழுதும். ஆறு முறை ஆறு, மொத்தம் 36. ஸ்ட்ரோட்ஸிக்கு நான்கு முறை நான்கு, 16. ஒரே ஓர் உறவுள்ள பாட்ஸி குடும்பம் ஒரு முறைதான் பேசப்படும். எல்லாத் தாள்களிலும் உள்ள எண்களைக் கூட்டினால் வருவது படிகளின் வர்க்கங்களின் கூடுதல்: 134. எழுதப்பட்ட எண்கள் மொத்தம் 40. சராசரி 3.35. ஒரு குடும்பத்தின் சராசரி உறவு 2.67. அதன் உறவினரின் சராசரி உறவு 3.35.

ஸ்காட் ஃபெல்டு 1991இல் எழுதிய நட்பு முரண் இதுதான். உங்கள் நண்பர்களுக்குச் சராசரியாக உங்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள். இதில் யாருடைய குணக்குறையும் இல்லை. பலரை அறிந்தவர் பலருடைய பட்டியலில் இடம்பெறுகிறார், அவ்வளவே. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள இடைவெளி, படிகளின் விலக்க வர்க்கச் சராசரியைப் படிகளின் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குச் சரியாகச் சமம். நம் எடுத்துக்காட்டில் 1.82ஐ 2.67ஆல் வகுத்தால் 0.68. எல்லாருக்கும் ஒரே படி இருந்தால் மட்டுமே இந்த இடைவெளி மறையும்.

இதனால் ஒரு நடைமுறைப் பயன் விளைந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொற்றுநோய், அதிகம் பேரைச் சந்திப்பவர்களை முதலில் பிடிக்கும். ஆனால் அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஊர் முழுவதன் தொடர்புகளையும் வரைந்துகொண்டிருக்க முடியாது. தேவையும் இல்லை. யாரோ சிலரைக் குலுக்கலில் எடுத்து, 'உங்கள் நண்பர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் போதும், சொல்லப்படும் ஆட்களின் சராசரிப் படி தானாகவே ஏறிவிடும். 2003இல் கோஹன், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் மூவரும் குறைந்த தடுப்பூசிகளை யாருக்குப் போடுவது என்பதற்கு இதையே வழியாகச் சொன்னார்கள். 2009இல் ஹார்வர்டு கல்லூரியின் 744 மாணவர்களிடம் கிறிஸ்டாகிஸும் ஃபௌலரும் காய்ச்சல் பரவலைக் கவனித்தபோது, நண்பர்களாகப் பெயர் சொல்லப்பட்டவர்களின் கூட்டத்தில் நோய் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்னதாகவே பரவியது தெரிந்தது. படிகளின் வர்க்கக் கூடுதல் கொதிநிலையிலும் காய்ச்சலிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. இணைப்புகள் எவ்வளவு சமமின்றிக் குவிந்திருக்கின்றன என்று சொல்கிறது.

அடுத்து படி மையத்துவம். இது முனையின் படியை, அது அதிகபட்சம் பெறக்கூடிய படியால் வகுப்பது. மெடிச்சிக்கு 6ஐ 14ஆல் வகுத்தால் 0.43. ஒரு சிறு எச்சரிக்கை: சிலர் திருமண உறவு எதுவுமே இல்லாத புச்சி (Pucci) குடும்பத்தையும் தரவில் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது வகுக்கும் எண் 15 ஆகி மதிப்பு 0.40க்கு இறங்கும். இரண்டு கட்டுரைகளில் இரண்டு எண்களைப் பார்த்துக் குழம்பிய மாணவர்களைக் கண்டிருக்கிறேன். எண்ணை எழுதும்போது முனைகள் எத்தனை என்பதையும் உடன் எழுதிவிடுங்கள்.

ஆனால் 1434க்குப் பிறகு ஃபுளோரன்ஸை மெடிச்சி குடும்பம் தன் பிடியில் வைத்திருந்ததற்கு ஆறுக்கு நான்கு என்ற வேறுபாடு மட்டும் காரணமாகத் தெரிகிறதா? தெரியவில்லை. மெடிச்சியோடு உறவுள்ள ஆறு குடும்பங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பதினைந்து இணைகள். அவற்றில் ரிடோல்ஃபியும் டோர்னபுவோனியும் மட்டுமே தங்களுக்குள் சம்பந்தம் செய்தவர்கள். மற்ற பதினான்கு இணைகளும் நேரடித் திருமண உறவு இல்லாதவை. மெடிச்சியைப் படத்திலிருந்து நீக்கிப் பாருங்கள், கோட்டுரு மூன்று துண்டாகும். ஸ்ட்ரோட்ஸியை நீக்கினால் மற்றவர்கள் சேர்ந்தேதான் இருப்பார்கள். படி, முனையை ஒட்டிய ஓரடி தூரத்தை மட்டும் பார்க்கும் அளவை. அண்டை முனைகள் தங்களுக்குள் எப்படி இருக்கின்றன, யார் வழியாக யார் போக வேண்டியிருக்கிறது என்பவை அதன் கண்ணுக்குப் படாது. முதலாவதற்குக் குழுமக் கெழுவும் இரண்டாவதற்கு இடைமையத்துவமும் என்ற வேறு அளவைகள் வேண்டும்.

படியை விட்டு அவ்வளவு தூரம் போகாமலே ஓரடி முன்னேறவும் வழியுண்டு. அங்கேதான் ராண்டிச் வருகிறார்.

ஹெக்சேனின் மாற்றியங்களில் 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன் இரண்டையும் எடுங்கள். இரண்டிலும் படிகள் 1, 1, 1, 2, 2, 3. வர்க்கக் கூடுதல் இரண்டிலும் 20. ஆனால் கொதிநிலை முதலாவதற்குச் சுமார் 60 டிகிரி, இரண்டாவதற்கு 63. படிகளின் பட்டியலை எப்படிப் பிசைந்தாலும் இந்த வேறுபாடு வராது, பட்டியல் ஒன்றேதான். எந்தப் படி எந்தப் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதாவது முனைகளை விட்டுவிட்டுக் கோடுகளின் மேல் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு கோட்டின் இரு நுனிகளின் படிகளையும் பெருக்கிக் கூட்டுவது இரண்டாம் ஸாக்ரெப் குறியெண். 2-மெத்தில்பென்டேனில் கோடுகள் (1,3), (1,3), (3,2), (2,2), (2,1). பெருக்கிக் கூட்டினால் 3+3+6+4+2 = 18. 3-மெத்தில்பென்டேனில் (1,2), (1,2), (2,3), (2,3), (3,1). கூட்டினால் 2+2+6+6+3 = 19. வேறுபாடு வந்துவிட்டது. ஆனால் திசை தவறு! இந்த எண் ஏறினால் கொதிநிலை இறங்க வேண்டும். பென்டேன்களில் அப்படித்தான் நடக்கிறது: 12, 14, 16. இங்கோ 19 உள்ளது அதிக வெப்பத்தில் கொதிக்கிறது.

மிலான் ராண்டிச் 1975இல் பெருக்கற்பலனை அப்படியே கூட்டாமல், அதன் வர்க்கமூலத்தின் தலைகீழைக் கூட்டினார். (1,2) கோட்டுக்கு 0.707, (2,2) கோட்டுக்கு 0.5, (1,3) கோட்டுக்கு 0.577, (2,3) கோட்டுக்கு 0.408. நெரிசலான இரு அணுக்களுக்கு இடையேயான பிணைப்பின் பங்கு குறைகிறது, ஓரத்தில் திறந்து நிற்கும் பிணைப்பின் பங்கு கூடுகிறது. 2-மெத்தில்பென்டேனுக்கு 2.770, 3-மெத்தில்பென்டேனுக்கு 2.808. எண் பெரிதாக இருப்பது அதிக வெப்பத்தில் கொதிக்கிறது. ஹெக்சேனின் ஐந்து மாற்றியங்களுக்கும் போட்டுப் பாருங்கள்: நேர்சங்கிலி 2.914, 3-மெத்தில் 2.808, 2-மெத்தில் 2.770, 2,3-டைமெத்தில்பியூட்டேன் 2.643, 2,2-டைமெத்தில்பியூட்டேன் 2.561. கொதிநிலைகள் அதே வரிசையில் சுமார் 69, 63, 60, 58, 50. ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. தாளில் கோடு போட்டு, கூட்டிக் கழித்து, சோதனைச்சாலையின் வரிசையை மீட்டெடுக்க முடிகிறது என்பதை முதன்முதலில் கணக்கிட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

கணிதக்காரர்களும் இதை விடவில்லை. தனித்து நிற்கும் முனை இல்லாத கோட்டுருக்களில் ராண்டிச் மதிப்பு எப்போது மிகக் குறைவு என்ற கேள்விக்கு 1998இல் பொல்லோபாஷும் எர்டோஷும் விடை தந்தார்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் மற்றவை என்ற நட்சத்திர வடிவம்தான் அது. அதன் மதிப்பு, முனைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தது. நியோபென்டேன் அப்படி ஒரு நட்சத்திரம், மதிப்பு சரியாக 2.

கோட்டின் இரு நுனிகளையும் பார்க்கும் இதே எண்ணம் பெரிய பிணையங்களிலும் உண்டு. மார்க் நியூமன் 2002இல், கோடுகளின் இரு நுனிப் படிகளுக்கு இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் எண்) கணக்கிட்டார். ஆட்களின் பிணையங்களில் அது பெரும்பாலும் நேர்மதிப்பு, பலரை அறிந்தவர்கள் தங்களுக்குள் சேர்கிறார்கள். இணையம், புரத இடைவினை போன்றவற்றில் அது எதிர்மதிப்பு, பெரிய முனைகள் சின்ன முனைகளோடு இணைகின்றன. உங்கள் கோட்டுரு திசையுள்ளதாக இருந்தால் உள்வரும் படி, வெளிச்செல்லும் படி இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

ராண்டிச் குறியெண்ணுக்கும் எல்லை உண்டு. 3-மெத்தில்ஹெப்டேனையும் 4-மெத்தில்ஹெப்டேனையும் வரைந்து கோடுகளைப் பட்டியலிடுங்கள். இரண்டிலும் (1,2) இரண்டு, (2,2) இரண்டு, (2,3) இரண்டு, (1,3) ஒன்று. கொதிநிலையோ சுமார் 119, 118. கோட்டின் இரு நுனிப் படிகளை மட்டும் வைத்துக் கட்டிய எந்தக் குறியெண்ணும், நாளை யாராவது புதிதாகக் கண்டுபிடிப்பதும் சேர்த்து, இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. அறுகோண வளையத்தையும் தனித்தனி முக்கோணங்கள் இரண்டையும் ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்லா முனைகளுக்கும் படி 2, எல்லாக் கோடுகளும் (2,2). ஒன்று ஒரே துண்டு, மற்றது இரண்டு துண்டு என்பதைக்கூடப் படி சொல்லாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படி சார்ந்த குறியெண்கள் இன்று எண்ணற்றவை. இரு படிகளைக் கூட்டி, பெருக்கி, மூலம் எடுத்து, தலைகீழாக்கி ஆளுக்கொன்று உருவாக்கிவிடலாம். ஏதோ ஒரு குடும்பக் கோட்டுருவுக்கு அவற்றைக் கணக்கிட்டு ஆய்வுக்கட்டுரையாக்குவதும் எளிது. அந்த எண் எந்த இயல்பைச் சொல்கிறது, ஏற்கெனவே இருப்பவை சொல்லாத எதைச் சொல்கிறது என்று கேட்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். உங்கள் உழைப்பு வீணாவதை நான் விரும்பவில்லை.

எதை எப்போது எடுப்பது என்று கேட்டீர்கள். ஒரு தனி முனை எவ்வளவு இணைந்திருக்கிறது என்பதற்குப் படியும் படி மையத்துவமும். இணைப்புகள் எவ்வளவு சமமின்றிப் பரவியிருக்கின்றன என்றால் வர்க்கக் கூடுதல். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது முக்கியமானால் ராண்டிச் அல்லது நியூமனின் கெழு. பாதை, இடைவழி, துண்டாதல் என்ற சொற்கள் உங்கள் கேள்வியில் வந்தால் படியை விட்டு வெளியே போங்கள்.

கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மென்பொருளுக்குப் போங்கள். ஹெப்டேனுக்கு ஒன்பது மாற்றியங்கள். ஒன்பதையும் வரைந்து, முதலாம் ஸாக்ரெப், ராண்டிச் இரண்டையும் கணக்கிட்டு, கொதிநிலைகளைப் பக்கத்தில் எழுதுங்கள். முதலாம் ஸாக்ரெப்பில் எவை ஒன்றாக விழுகின்றன, அவற்றில் எவற்றை ராண்டிச் பிரிக்கிறது, பிரித்த வரிசை சரிதானா என்று பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.